எடைமேடை நோட்டிலிருந்து தரவுத்தளம் வரை: உறவுநிலைத் தரவுத்தள வடிவமைப்பைக் கற்கத் தொடங்குவோருக்கு

சேலத்திலிருந்து வாழப்பாடி வழியாக ஆத்தூர் வரை நீளும் வட்டாரத்தில், மரவள்ளிக்கிழங்கை வாங்கி ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் தயாரிக்கும் சேகோ ஆலைகள் பல உள்ளன. கிழங்கு வரத்துக் காலத்தில் அந்த ஆலைகளின் எடைமேடையில் எழுதப்படும் நோட்டைவிட நல்ல பாடநூல், தரவை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக வைக்கும் உறவுநிலைத் தரவுத்தளம் வடிவமைக்கக் கற்பவருக்குக் கிடைப்பது அரிது என்பது என் கருத்து. பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் மாணவர், பாடம், மதிப்பெண் என்ற எடுத்துக்காட்டைக் கொண்டே தொடங்குகின்றன. அந்த எடுத்துக்காட்டில் விலை ஏறி இறங்குவதில்லை, யாருக்கும் பாக்கி நிற்பதில்லை, சரக்கு வருமுன்னே யாரும் முன்பணம் வாங்கிச் செல்வதில்லை. ஆகவே வடிவமைப்பில் உண்மையில் தடுமாற வைக்கும் கேள்விகள் அதில் எழுவதே இல்லை. இக்கட்டுரை ஒரு சேகோ ஆலையின் கிழங்குக் கொள்முதலை எடுத்துக்கொண்டு, நோட்டிலிருந்து தொடங்கி, வேலை செய்யும் தரவுத்தளம் வரை படிப்படியாகச் செல்கிறது. இதில் வரும் விலைகளும் தொகைகளும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. சந்தை நிலவரம் அல்ல.

முதலில் எல்லையை வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஆலை தயாரித்த ஜவ்வரிசியை சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வழியாகவோ நேரடியாகவோ விற்கும் பக்கமும் ஒன்று உண்டு. கூலி, விறகு, மின்கட்டணம் என்ற பக்கமும் உண்டு. அவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வரைய முற்படுபவர் எதையும் முடிப்பதில்லை. கிழங்கு ஆலைக்குள் நுழைவதிலிருந்து விவசாயிக்கு முழுப் பணமும் போய்ச் சேருவது வரை என்பது முதல் முயற்சிக்குப் போதுமான அளவு.

நோட்டைப் படித்தல், கேள்வி கேட்டல்

கணினியைத் திறக்கும் முன் நோட்டைத் திறக்க வேண்டும். அதில் தேதி, விவசாயி பெயர், ஊர், கைப்பேசி எண், வண்டி எண், லோடு எடை, வெறும் வண்டி எடை, மாவுச்சத்துப் பாயின்ட் (கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்ற அளவு), ஒரு பாயின்ட்டுக்கான விலை, தொகை, புரோக்கர் பெயர், முன்பணம், கொடுத்தது, பாக்கி என்று கட்டங்கள் இருக்கும். தொகை கணக்கிடும் முறை எளியது: நிகர எடையை டன்னில் எடுத்து, அதைப் பாயின்ட்டால் பெருக்கி, ஒரு பாயின்ட் விலையால் பெருக்க வேண்டும். 9.5 டன் கிழங்கு 27 பாயின்ட் காட்டி, விலை 300 ரூபாய் என்றால் தொகை 76,950 ரூபாய்.

இனி எடைமேடையில் இருப்பவரிடம் கேட்க வேண்டியவை உள்ளன. ஒரு லாரியில் ஒரே விவசாயியின் கிழங்குதான் வருமா? "சின்னக் காட்டுக்காரங்க ரெண்டு பேரு சேர்ந்து ஒரே வண்டியில ஏத்திவிடுவாங்க" என்று பதில் வந்தால், ஒரு லோடுக்கு ஒரு விவசாயி என்று நீங்கள் மனத்தில் வரைந்து வைத்திருந்த படம் அங்கேயே மாறிவிடுகிறது. அப்படிச் சேர்ந்து வரும்போது பாயின்ட் தனித்தனியாகப் பார்க்கப்படுமா, மொத்தமாகவா? ஒரு விவசாயி எப்போதும் ஒரே புரோக்கர் வழியாகத்தான் வருவாரா, அல்லது லோடுக்கு லோடு மாறுமா? விலை காலையில் அறிவிக்கப்பட்டு நாள் முழுதும் நிற்குமா, நடுவில் மாறுமா, பழகியவருக்குக் கூடுதலாகப் பேசி முடிப்பதுண்டா? எடைச்சீட்டு எண் ஒவ்வொரு சீசனிலும் ஒன்றிலிருந்து தொடங்குமா? இவற்றுக்கான பதில்களே வடிவமைப்பு; அட்டவணை வரைவது அந்தப் பதில்களை எழுதிவைக்கும் வேலை மட்டுமே. அதனால்தான் வடிவமைப்பாளருக்கு, தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லை எழுதும் திறமையைவிடப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

நமது ஆலைக்குப் பின்வரும் பதில்கள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்: ஒரு வண்டியில் பலர் சேர்ந்து வரலாம், பாயின்ட் ஒவ்வொருவர் கிழங்குக்கும் தனியாகப் பார்க்கப்படும், புரோக்கர் வண்டிக்கு வண்டி மாறலாம், விலை தினமும் அறிவிக்கப்படும், ஆனால் பேசி மாற்றிக்கொள்வதும் நடக்கும், சீட்டு எண் சீசன்தோறும் புதிதாகத் தொடங்கும்.

நோட்டை அப்படியே எக்செல்லில் எழுதினால்

பலரும் இதைத்தான் முதலில் செய்வார்கள். அதன் குறைகளை ஒருமுறை கண்ணால் பார்ப்பதும் நல்லதே. ஒரு விவசாயி சீசனில் பதினைந்து முறை வந்தால் அவருடைய கைப்பேசி எண் பதினைந்து வரிசைகளில் இருக்கும். அவர் எண்ணை மாற்றிய பின் பன்னிரண்டு வரிசைகளில் புதிய எண்ணும் மூன்றில் பழைய எண்ணும் நின்றுவிட்டால், எது சரி என்பதைத் தரவே சொல்லாது. கிழங்கு வெட்டுமுன்பே முன்பணம் வாங்கிச் சென்ற விவசாயியை எழுத இடமில்லை. ஏனெனில் அந்த நோட்டில் ஒரு வரிசை என்பது ஒரு லோடு, அவருக்கு இன்னும் லோடு இல்லை. ஒரே ஒருமுறை வந்தவரின் லோடு ரத்தாகி, அந்த வரிசையை அழித்தால், அவருடைய முகவரியும் எண்ணும் அதனுடன் போய்விடும். பாடநூல்கள் இவற்றைப் புதுப்பித்தல், சேர்த்தல், நீக்கல் முரண்கள் என்று வகைப்படுத்துகின்றன. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: விவசாயியைப் பற்றிய செய்தியும் லோடைப் பற்றிய செய்தியும் ஒரே வரிசைக்குள் கட்டிப்போடப்பட்டிருக்கின்றன.

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரைதான் உறவுநிலை மாதிரிக்கு அடித்தளம். தரவு வட்டில் எந்த முறையில் கிடக்கிறது என்பதைப் பயனர் அறியத் தேவையில்லை, அட்டவணைகளையும் அவற்றில் உள்ள மதிப்புகளையும் கொண்டே எதையும் கேட்டுப் பெற முடிய வேண்டும் என்பது அவருடைய வாதம். அட்டவணைகளை எந்த ஒழுங்கில் பிரித்தால் முன்சொன்ன முரண்கள் எழாது என்பதையும் இயல்பாக்க நிலைகள் என்ற பெயரில் அவர் தொடர்ந்து வகுத்தார்.

அட்டவணைகளைப் பிரித்தல்

ஒரு வெள்ளைத்தாளில், ஆலையில் தனக்கென்று இருப்புள்ளவை எவை என்று எழுதுங்கள். விவசாயி ஒன்று; லோடு இல்லாவிட்டாலும் அவர் இருக்கிறார். ஊர் ஒன்று, புரோக்கர் ஒன்று. வண்டி எடைமேடையில் ஏறி இறங்கும் நிகழ்வு ஒன்று. அதை வருகை என்று அழைக்கலாம். பணம் கொடுக்கும் நிகழ்வு ஒன்று. அதைப் பட்டுவாடா எனலாம். பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த முறையிலிருந்து வளர்ந்த இஆர் (பொருள்-உறவு) வரைபடங்களில் இவற்றைப் பெட்டிகளாகவும், இவற்றுக்கு இடையிலான தொடர்புகளைக் கோடுகளாகவும் வரைவார்கள். வரைபடக் குறியீடுகளில் பல பாணிகள் உள்ளன. எதைப் பின்பற்றினாலும் பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு கோட்டின் இரு முனையிலும் ஒன்றா, பலவா என்று எழுதாமல் விடக்கூடாது.

ஊருக்கும் விவசாயிக்கும் இடையே ஒன்றுக்குப் பல. விவசாயிக்கும் பட்டுவாடாவுக்கும் ஒன்றுக்குப் பல. வருகைக்கும் விவசாயிக்கும் இடையேதான் பிரச்சினை: ஒரு வண்டியில் பல விவசாயிகள், ஒரு விவசாயிக்குப் பல வண்டிகள். இப்படிப் பலவற்றுக்குப் பல என்று வரும் தொடர்பை உறவுநிலைத் தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகளைக் கொண்டு மட்டும் நேர்த்தியாகச் சொல்ல இயலாது. நடுவில் மூன்றாவது ஓர் அட்டவணை வேண்டும். நமக்கு அதன் பெயர் பங்கு. அதில் எந்த வருகை, எந்த விவசாயி, அவருடைய எடை எவ்வளவு, பாயின்ட் எவ்வளவு, பேசி முடித்த விலை எவ்வளவு என்பவை இருக்கும். புதியவர்கள் இந்த நடு அட்டவணையை வெறும் இணைப்புக் கம்பியாக எண்ணி விடுகிறார்கள். இங்கே பாருங்கள், ஆலையின் பணமெல்லாம் கணக்காவது இந்த அட்டவணையில்தான். வாடிக்கையாகவே, ஒரு வணிகத்தின் மிக முக்கியமான எண்கள் இப்படிப்பட்ட நடு அட்டவணைகளில்தான் வந்து அமரும்.

இப்போது இயல்பாக்க நிலைகளைக் கொண்டு சரிபார்க்கலாம். முதல் நிலை, ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு மட்டுமே இருக்கவேண்டும் என்கிறது. ஆகவே பெயர்க் கட்டத்தில் இரண்டு பெயர்களைக் காற்புள்ளியிட்டு எழுதும் வழக்கம் முடிந்தது. இரண்டாம் நிலை, ஒரு வரிசையைத் தனித்துச் சுட்டும் சாவி பல புலங்களால் (நோட்டின் கட்டங்களைப் போன்றவை) ஆனதாக இருந்தால் மற்ற புலங்கள் அந்த முழுச் சாவியையும் சார்ந்திருக்க வேண்டும் என்கிறது. பங்கு அட்டவணையின் சாவி வருகையும் விவசாயியும் சேர்ந்தது; அதில் வண்டி எண்ணை வைத்தால், அது வருகையை மட்டுமே சார்ந்தது என்பதால் தவறு; அதன் இடம் வருகை அட்டவணை. மூன்றாம் நிலை, சாவியல்லாத ஒரு புலம் சாவியல்லாத இன்னொரு புலத்தைச் சார்ந்து நிற்கக்கூடாது என்கிறது. விவசாயி அட்டவணையில் ஊரையும் வட்டத்தையும் சேர்த்து எழுதினால், வட்டம் ஊரைச் சார்ந்தது, விவசாயியை அல்ல. அரசு ஓர் ஊரை ஆத்தூர் வட்டத்திலிருந்து தலைவாசல் வட்டத்துக்கு மாற்றினால், ஒரு வரிசையை மாற்றுவதற்குப் பதில் நூறு விவசாயிகளின் வரிசைகளை மாற்ற நேரும். மூன்றாம் நிலைக்கு அப்பாலும் நிலைகள் உண்டு. முதல் தரவுத்தளத்தில் அவற்றுக்காகத் தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை.

புரோக்கர் எங்கே? விவசாயிக்கு நிலையான புரோக்கர் என்றால் விவசாயி அட்டவணையில். நமக்குக் கிடைத்த பதில் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் வருகை அட்டவணையில். ஒரே ஒரு கேள்விக்கான பதில் ஒரு புலத்தின் இடத்தை மாற்றிவிடுவதைக் கவனியுங்கள்.

சாவி

ஒவ்வொரு அட்டவணையிலும் ஒவ்வொரு வரிசையையும் ஐயமறச் சுட்ட பிரைமரி கீ எனும் முதன்மைச் சாவி வேண்டும். விவசாயிக்கு எது சாவி? பெயரும் ஊரும் போதாது. ஒரே ஊரில் ஒரே தலைப்பெழுத்தோடு இரண்டு பெரியசாமிகள் இருப்பது இந்தப் பக்கத்தில் அதிசயமல்ல. கைப்பேசி எண் மாறும். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே எண்ணாகவும் இருக்கும். ஆதார் எண்ணைச் சாவியாக்கும் ஆசை சிலருக்கு வரும். கிழங்கு வாங்க அது தேவையில்லை, தேவையில்லாத அந்தரங்கத் தகவலைச் சேமித்து வைப்பது பொறுப்பை விலைக்கு வாங்குவது. ஆகவே தரவுத்தளமே வரிசையாக வழங்கும் ஓர் எண்ணைச் சாவியாக வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் அத்தோடு நின்றுவிடக்கூடாது. எண்ணைச் சாவியாக்கிவிட்டால், ஒரே எடைச்சீட்டை இருமுறை பதிந்தாலும் தரவுத்தளம் இரண்டு வேறு எண்களைக் கொடுத்துப் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். எனவே சீசனும் சீட்டு எண்ணும் சேர்ந்து மறுமுறை வரக்கூடாது என்ற யுனிக் கட்டுப்பாட்டை வருகை அட்டவணையில் தனியாக எழுத வேண்டும். தானியங்கி எண் கணினிக்கான அடையாளம். யுனிக் கட்டுப்பாடு நடைமுறை உலகத்தின் அடையாளம். இரண்டும் வேண்டும்.

பிற அட்டவணைகள் இந்தச் சாவியைச் சுட்டும்போது அதை ஃபாரின் கீ என்கிறோம். பங்கு அட்டவணையில் உள்ள விவசாயி எண் ஃபாரின் கீயாக அறிவிக்கப்பட்டால், இல்லாத விவசாயிக்குப் பங்கு எழுத முடியாது. பங்கு உள்ள விவசாயியை அழிக்கவும் முடியாது. பெற்றோர் வரிசையை அழித்தால் பிள்ளை வரிசைகளும் தாமாக அழியட்டும் என்னும் கேஸ்கேட் வசதியும் உண்டு. பணம் தொடர்பான அட்டவணைகளில் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

விலை: எது மறுபதிவு, எது இல்லை

ஒரு செய்தி ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கற்றவுடன் பலர் ஒரு தவறுக்குள் நேராகப் போகிறார்கள். அன்றாட விலைக்கு ஓர் அட்டவணை வைத்தால் போதுமே, பங்கு அட்டவணையில் எதற்கு விலை, தேதியை வைத்து எடுத்துக்கொள்ளலாமே என்று அந்தப் புலத்தை நீக்கிவிடுகிறார்கள். அறிவிப்பு விலையைத் தட்டச்சுப் பிழைக்காக ஒருவர் ஒரு வாரம் கழித்துத் திருத்தினால், அந்த நாளில் பணம் வாங்கிச் சென்ற எல்லா விவசாயிகளின் கணக்கும் ஓசையில்லாமல் மாறிவிடும். அறிவிப்பு விலை என்பது ஆலை அந்நாளில் சொன்ன விலை. பங்கு அட்டவணையின் விலை என்பது இந்த விவசாயியோடு இந்தச் சரக்குக்குப் பேசி முடித்த விலை. பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும் என்பதால் இரண்டும் ஒரே செய்தி ஆகிவிடாது. ஒன்று மாறும்போது மற்றொன்று மாறவேண்டுமா என்று கேளுங்கள். மாறக்கூடாது என்றால் அவை இரண்டு செய்திகள், இரண்டையும் எழுதலாம்.

இதே கேள்வியை மறுபுறமாகப் பாக்கித் தொகைக்குக் கேட்டால் விடை வேறு. பாக்கி என்பது பங்குகளின் மொத்தத்திலிருந்து பட்டுவாடாக்களின் மொத்தத்தைக் கழித்தது. அவற்றில் எது மாறினாலும் பாக்கியும் மாறியாக வேண்டும். ஆகவே அதைப் புலமாகச் சேமிக்காமல், தேவைப்படும்போது கணக்கிட வேண்டும். நிகர எடையும் அப்படியே: லோடு எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்தால் கிடைப்பது. முன்பணத்துக்கும் தனி அட்டவணை தேவையில்லை. சரக்குக்கு முன்னால் நடந்த பட்டுவாடாதான் முன்பணம், தேதியே அதைச் சொல்லிவிடும்.

தரவு வகைகளும் கட்டுப்பாடுகளும்

எடையைக் கிலோவில் முழு எண்ணாகவும், பணத்தைப் பதின்ம எண்களைத் துல்லியமாக வைக்கும் நியூமெரிக் வகையிலும் வையுங்கள். ஃப்ளோட் வகையில் வைத்தால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டும்போது 0.30000000000000004 வரும், இரும எண்முறையில் 0.1 என்ற பின்னத்தைத் துல்லியமாக எழுத முடியாததே காரணம். ஆயிரம் சீட்டுகளைக் கூட்டும்போது அந்தச் சில்லறை கணக்குப்பிள்ளையின் கண்ணில் படும். தேதியை எழுத்தாக வைத்தால் 02-11-2024 என்பது 15-01-2024-க்கு முன்னால் வரிசைப்படும். எனவே தேதிக்குரிய வகையையே பயன்படுத்த வேண்டும். கைப்பேசி எண்ணைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. அது எழுத்து வகை.

கட்டுப்பாடுகளைத் தாராளமாக எழுதுங்கள். லோடு எடை வெறும் வண்டி எடையைவிட அதிகமாக இருக்க வேண்டும். பாயின்ட் பூஜ்யத்துக்கு மேல், நடைமுறையில் வரக்கூடிய உச்சத்துக்குள் இருக்க வேண்டும். தொகை எதிர்மறையாக இருக்கக்கூடாது. இவற்றைச் செக் கட்டுப்பாடுகளாக அட்டவணையிலேயே எழுதலாம். திரையில் இயங்கும் செயலி சரிபார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது ஆபத்து. நாளை வேறொரு செயலியும், ஒரு நள்ளிரவில் யாராவது நேரடியாக எழுதும் கட்டளையும் அதே அட்டவணைக்குள் வரும். ஒன்றை மட்டும் இந்த வழியில் சொல்ல முடியாது: ஒரு வண்டியின் பங்கு எடைகளைக் கூட்டினால் அந்த வண்டியின் நிகர எடை வரவேண்டும் என்ற விதி பல வரிசைகளைத் தொட்டுச் செல்வதால் செக் கட்டுப்பாட்டுக்குள் அடங்காது. அதற்கு டிரிகர், அதாவது தரவு மாறும்போது தானே இயங்கும் கட்டளை, எழுதலாம். அல்லது மாலையில் பொருந்தாத வண்டிகளைப் பட்டியலிடும் ஒரு வினவலை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை) ஓட்டலாம். தொடக்கநிலையில் இரண்டாவதே போதும்.

மதிப்பு இல்லை அல்லது தெரியாது என்பதைக் குறிக்கும் நல் (NULL) என்பதையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். பாயின்ட் இன்னும் பார்க்கவில்லை என்றால் அந்தப் புலம் நல், பூஜ்யம் அல்ல. பாயின்ட் 27 அல்லாத சரக்குகளைக் கேட்டால் நல் உள்ள வரிசைகள் வராது. ஏனெனில் தெரியாத ஒன்று 27-க்குச் சமமா இல்லையா என்ற கேள்விக்கு விடை உண்மையுமல்ல, பொய்யுமல்ல, தெரியாது என்பதே. நல்லைத் தேட சமக்குறி உதவாது. இஸ் நல் என்று எழுத வேண்டும்.

எந்த மென்பொருள்

போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல், மரியாடிபி, எஸ்கியூலைட் ஆகிய எதையும் பணம் கொடுக்காமல் நிறுவிக் கற்கலாம். எஸ்கியூலைட் ஒரே கோப்பில் அடங்கும், நிறுவ எளிது. ஆனால் அதில் ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நாமே இயக்க வேண்டும், எண் புலத்தில் எழுத்தைப் போட்டாலும் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். கற்பவருக்குத் தவறைத் தடுத்து நிறுத்தும் ஆசிரியர்தான் நல்லவர் என்பதால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லைப் பரிந்துரைக்கிறேன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் வழிநடத்திய ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்தது அது.

வினவல்: பாக்கிப் பட்டியல்

எஸ்கியூஎல் மொழியை ஐபிஎம்மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1970-களின் நடுவில் உருவாக்கினார்கள். 1986-இல் அது அமெரிக்காவில் தரமாக்கப்பட்டது. எப்படித் தேட வேண்டும் என்று சொல்லாமல், என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லும் மொழி அது. கிரியேட் டேபிள் கொண்டு அட்டவணைகளை ஊர், புரோக்கர், விவசாயி, வருகை, பங்கு, பட்டுவாடா என்ற வரிசையில் உருவாக்குங்கள். சுட்டப்படும் அட்டவணை முன்னதாக இருந்தாக வேண்டும் என்பதே இந்த வரிசைக்குக் காரணம். இருபது விவசாயிகளையும் நூறு சீட்டுகளையும் கையால் பதியுங்கள். பின் வரிசைகளை எடுக்கும் செலக்ட், வடிகட்டும் வேர் (WHERE), வரிசைப்படுத்தும் ஆர்டர் பை ஆகியவற்றில் ஓரிரு நாளும், குரூப் பை கொண்டு ஊர்வாரியாகக் கூட்டுவதில் ஓரிரு நாளும் பழகினால் போதும், அவை கடினமல்ல.

கடினம், அட்டவணைகளை இணைக்கும் ஜாயினில் தொடங்குகிறது. ஆலை முதலாளி முதலில் கேட்பது பாக்கிப் பட்டியல்தான். விவசாயியைப் பங்கோடும், பின் பட்டுவாடாவோடும் ஜாயின் செய்து, இரண்டையும் கூட்டிக் கழித்தால் விடை வரும் என்று தோன்றும். ஒரு விவசாயிக்கு 70,000, 80,000, 60,000 என்று மூன்று பங்குகளும், 50,000, 40,000 என்று இரண்டு பட்டுவாடாக்களும் இருப்பதாகக் கொள்வோம். சரியான பாக்கி 2,10,000-இலிருந்து 90,000 போக 1,20,000. ஆனால் மேற்கண்ட ஜாயின் மூன்று பங்குகளில் ஒவ்வொன்றையும் இரண்டு பட்டுவாடாக்களோடும் சேர்த்து ஆறு வரிசைகளை உருவாக்கும். ஒவ்வொரு பங்கும் இருமுறையும் ஒவ்வொரு பட்டுவாடாவும் மும்முறையும் கூட்டப்பட்டு, 4,20,000-இலிருந்து 2,70,000 போக 1,50,000 என்று வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. எண் நம்பும்படியாகவும் இருக்கும். ஒரே ஒரு பட்டுவாடாவும் ஒரே ஒரு பங்கும் உள்ளவருக்கு விடை சரியாகவே இருப்பதால், சோதித்துப் பார்த்தவரும் ஏமாறுவார்.

மருந்து இதுதான்: பங்குகளை விவசாயிவாரியாகத் தனியே கூட்டி, ஒருவருக்கு ஒரே வரிசை என்ற ஒரு முடிவை உருவாக்குங்கள். பட்டுவாடாக்களையும் அப்படியே தனியே கூட்டுங்கள். பிறகு விவசாயி அட்டவணையோடு இந்த இரண்டு முடிவுகளையும் இணையுங்கள். வித் என்று தொடங்கும் வடிவத்தில் எழுதினால் இந்த மூன்று படிகளும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். இணைப்பது, மறுபக்கத்தில் பொருத்தம் இல்லாத விவசாயியையும் தக்கவைக்கும் லெஃப்ட் ஜாயினாக இருக்க வேண்டும். இல்லையேல் முன்பணம் வாங்கியும் இன்னும் சரக்குக் கொண்டுவராதவர் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுவார், முதலாளி முதலில் தேடுவதோ அவரைத்தான். அவருக்குப் பங்கின் மொத்தம் நல் என்று வரும். நல்லிலிருந்து எதைக் கழித்தாலும் நல்தான் என்பதால் கோலெஸ் கொண்டு அதைப் பூஜ்யமாக்க வேண்டும். எந்த ஜாயினை எழுதும் முன்பும், இதன் விடையில் ஒரு வரிசை எதைக் குறிக்கும், விவசாயியையா, பங்கையா, பட்டுவாடாவையா என்று தாளில் ஒரு வாக்கியம் எழுதிவைப்பது இந்த வகைப் பிழைகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்கும். வந்த விடையை நோட்டில் கையால் கூட்டிய மூன்று விவசாயிகளின் கணக்கோடு ஒப்பிடவும் வேண்டும்; அவர்களில் ஒருவர் பலமுறை சரக்கும் பலமுறை பணமும் கண்டவராக இருக்கட்டும்.

தமிழ்ப் பெயர்கள்

விவசாயிகளின் பெயர்களைத் தமிழில் சேமிக்கத் தயங்க வேண்டாம். தரவுத்தளத்தை, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் உருவாக்கினால் போதும். இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து வைக்கப்பட்டிருப்பதால், குறியெண் வரிசையில் கனகராஜ் கமலாவுக்கு முன்னால் வருவார். நம் அகரவரிசைப்படி கமலாதான் முதலில். பல மொழிகளின் வரிசைமுறைகளைத் தரும் ஐசியு நூலகத்தின் தமிழ் வரிசைமுறையைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகும். அடுத்து, பொன்னுசாமியின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும், கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுத முடியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். சேமிக்கும்போதே, இரண்டையும் ஒரே குறியெண்ணாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 13-ஆம் பதிப்பு முதல் இதற்கென நார்மலைஸ் என்ற செயற்கூறு உள்ளது. சுப்ரமணி, சுப்பிரமணி என்ற எழுத்துவேறுபாட்டை இவை எதுவும் தீர்க்காது. அதற்கு, எடைமேடையில் கைப்பேசி எண்ணை வைத்து விவசாயியைத் தேடி எடுக்கும் பழக்கமே வழி.

நாள்தோறும் ஓடும்போது

ஒரு வருகையும் அதன் பங்குகளும் ஒன்றாகப் பதிவாக வேண்டும். வருகையை எழுதி முதல் பங்கை எழுதியதும் மின்சாரம் போய்விட்டால், இரண்டாவது விவசாயியின் கிழங்கு கணக்கில் இல்லாமல் போகும். பிகின், கமிட் ஆகிய இரண்டுக்கும் நடுவே இவற்றை எழுதினால், எல்லாம் நிற்கும் அல்லது எதுவும் நிற்காது; இதற்கு டிரான்சாக்‌ஷன் என்று பெயர். தவறான சீட்டை அழிக்கவோ மேலெழுதவோ வேண்டாம். ரத்து என்று குறித்துப் புதிய சீட்டை எழுதுங்கள், கணக்கு நோட்டில் அடித்தெழுதாத வழக்கம் இங்கும் பொருந்தும். எடைமேடையில் இருப்பவருக்கு வருகையும் பங்கும் எழுதும் உரிமை மட்டும் கொடுங்கள். பட்டுவாடா அலுவலகத்தின் உரிமை.

வரிசைகளை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் பற்றி இப்போதைக்கு ஒன்று போதும்: போஸ்ட்கிரெஸ்கியூஎல் பிரைமரி கீக்குத் தானாக இண்டெக்ஸ் அமைக்கும், ஃபாரின் கீ புலங்களுக்கு அமைக்காது, ஆகவே பங்கு அட்டவணையின் விவசாயி எண்ணுக்கு நாமே அமைக்க வேண்டும். அதற்கு மேல் வேகத்தைப் பற்றிக் கவலைப்படுவது, சில ஆயிரம் சீட்டுகள் உள்ள தரவுத்தளத்தில் வீண். காப்புப்படி மட்டும் அப்படியல்ல. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் நகலெடுக்கும் கருவியான பிஜி டம்ப் கொண்டு ஒவ்வோர் இரவும் நகல் எடுத்து ஆலைக்கு வெளியே ஓரிடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து வேறொரு கணினியில் தரவுத்தளத்தை மீட்டு, பாக்கிப் பட்டியல் ஒத்துவருகிறதா என்று பார்க்கவும் வேண்டும். அட்டவணை அமைப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிட்ட கோப்புகளாக எழுதி, கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் (Git) மென்பொருளில் சேமித்து வைப்பதையும் முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த பயிற்சி

இதை முடித்த பின் இன்னொரு தொழிலின் நோட்டை எடுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில், முதலாளி வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்பார். வேலை செய்பவர் கொலுசாகவும் மிச்ச வெள்ளியாகவும் திருப்பிக் கொடுப்பார். சேதாரம் கழியும், கூலி சேரும். அங்கே ஒருவருக்கு இரண்டு பாக்கிகள்: கிராமில் ஒன்று, ரூபாயில் ஒன்று. வெள்ளியின் டச் (தூய்மை அளவு) மாறினால் கிராம் கணக்கை நேராகக் கூட்டவும் முடியாது. ஏற்காட்டின் காபித் தோட்டங்களில் பழம் பறிப்போரின் கணக்கு வேறு மாதிரி: ஆளுக்கு, நாளுக்கு, எத்தனை கிலோ, கிலோவுக்கு என்ன கூலி. அது எளிதாகத் தோன்றும். ஒரே நாளில் ஒருவர் இரண்டு பாத்திகளில் பறித்தாலும், கூலி விகிதம் பறிப்பின் நடுவில் மாறினாலும் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தபின் மறுபடி வரைய வேண்டியிருக்கும். கொலுசுப் பட்டறையின் நோட்டை முதலில் எடுங்கள். அட்டவணைகளைத் தாளில் வரைந்து, பட்டறைக்காரரிடம் கொண்டுபோய், சென்ற வாரத்தின் சீட்டுகளை ஒவ்வொன்றாக அவர் வாசிக்க, எந்தச் சீட்டு எந்த அட்டவணையின் எந்த வரிசையாகிறது என்று அவர் முன்னிலையிலேயே எழுதிப் பாருங்கள். எழுத இடமில்லாத முதல் சீட்டு வந்ததும் நிறுத்தி, அதற்கான இடத்தை வரைந்த பின் அடுத்த சீட்டுக்குச் செல்லுங்கள்.